தொற்றும் வைரஸை உயிருள்ள செல்லில் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பிருந்தே வைரஸ் ஆய்வகங்களில் நடந்துவரும் இன்னொரு வேலை மட்டும் வெளியே தெரிவதில்லை. நோயாளியின் மாதிரியை உயிருள்ள செல்களின் மேல் விட்டு, வைரஸ் அங்கே வளர்கிறதா என்று நாள்கணக்கில் காத்திருந்து பார்க்கும் வேலை அது. நுண்ணுயிரியல் மாணவர்களும், ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களும், கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பி.சி.ஆர். சில மணி நேரத்தில் பதில் சொல்லும்போது, செல் வளர்ப்பு எதற்கு?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளில் ஒரு சிறு துண்டைத் தேடிப் பெருக்குகிறது. அந்தத் துண்டு முழு வைரஸுக்குள் இருந்ததா, உடைந்து சிதறிய வைரஸின் மிச்சமா என்பது அதற்குத் தெரியாது. விவசாயிகள் விதை நெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புத் திறன் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் இருக்கிறதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். முளைக்குமா என்பதை ஈரச் சாக்குதான் சொல்லும். வைரஸுக்கு அந்தச் சாக்கு உயிருள்ள செல்.

இந்த வேறுபாடு மருத்துவத்தில் எவ்வளவு பெரியது என்பது 2020-இல் தெரிந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் கொரோனா தொற்றிய 9 நோயாளிகளை ஆய்வாளர்கள் நாள்தோறும் பரிசோதித்தார்கள். தொண்டை, நுரையீரல் மாதிரிகளில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. வாரக்கணக்கில் தென்பட்டது. ஆனால், அறிகுறி தொடங்கி 8 நாட்களுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில், ஆர்.என்.ஏ. நிறைய இருந்தும், செல்லில் வைரஸ் ஒரு முறைகூட வளரவில்லை. பாசிட்டிவ் என்று வந்தவரை எத்தனை நாள் தனிமைப்படுத்துவது என்ற முடிவுக்கு இத்தகைய செல் வளர்ப்பு ஆய்வுகள்தான் அடிப்படையாக இருந்தன. பி.சி.ஆர். மட்டுமே இருந்திருந்தால் மக்களைத் தேவையில்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருப்போம்.

ஒரே வைரஸில் தொற்றுவதும் தொற்றாததும் எப்படி வந்தது?

பாதிக்கப்பட்ட செல்லிலிருந்து வெளியேறும் வைரஸ் துகள்கள் எல்லாமே முழுமையானவை அல்ல. சிலவற்றில் மரபுப்பொருள் குறைபட்டிருக்கும், சிலவற்றில் உறை மட்டுமே இருக்கும். முழுமையான துகளும் செல்லுக்குள் நுழைந்து ஏதாவது ஒரு கட்டத்தில் தோற்றுப்போகலாம். போலியோ வைரஸில் தொற்று உண்டாக்கும் ஒரு துகளுக்கு 30 முதல் 1,000 துகள்கள் வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெளியே வந்த பிறகும் ஆபத்துகள் காத்திருக்கின்றன. வெயில், வெப்பம், சோப்பு, குளோரின், புற ஊதாக் கதிர், நோயாளியின் உடலே உண்டாக்கிய ஆன்டிபாடி என ஒவ்வொன்றும் வைரஸைச் செயலிழக்க வைக்கும். இவற்றில் பல, பி.சி.ஆர். தேடும் துண்டைத் தொடுவதே இல்லை.

எந்தச் செல்லை வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

முடியாது. ஆய்வகத்தின் திறமையில் பாதி, செல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் தான் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பி இல்லாவிட்டால் வைரஸ் உள்ளே நுழையவே முடியாது. நுழைந்த பின்னும் செல்லின் உள்ளிருக்கும் பொறிகள் ஒத்துழைக்க வேண்டும்.

உலகெங்கும் அதிகம் பயன்படுவது வெரோ செல். 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுராவும் கவகிதாவும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து இதை உருவாக்கினார்கள். வைரஸ் நுழைந்ததும் சாதாரணச் செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். வெரோ செல்லால் இன்டர்ஃபெரானைத் தயாரிக்க முடியாது. அதனால்தான் பலவகை வைரஸ்கள் இதில் எளிதாக வளர்கின்றன. 2020-இல் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் இந்தியாவில் இருந்த நோயாளிகளிடமிருந்து கொரோனா வைரஸைப் பிரித்தெடுத்ததும் வெரோ செல்லில்தான். கோவாக்சின் தடுப்பூசிக்கான வைரஸ் அப்படிக் கிடைத்ததே.

இன்ஃபுளூயன்சாவுக்கு எம்.டி.சி.கே. செல். 1958-இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து இதை எடுத்தார்கள். இதில் டிரிப்சின் நொதியைக் கொஞ்சம் சேர்த்தால்தான் ஃபுளூ வைரஸ் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவும். தட்டம்மைக்கு, அதன் ஏற்பியான ஸ்லாம் புரதத்தை மேற்பரப்பில் தாங்கும்படி மாற்றிய வெரோ செல்.

டெங்குவுக்குக் கொசுவின் செல்லே நல்லது. இன்று டெங்கு ஆய்வகங்கள் பலவற்றிலும் இருக்கும் சி6/36 செல்லின் பூர்விகம் இந்தியா என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. புனேயில் அப்போது வைரஸ் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் லார்வாவிலிருந்து வளர்த்த செல்களைப் பற்றி 1967-இல் வெளியிட்டார். அதிலிருந்து டெங்கு நன்றாக வளரும் ஒரு கிளையை 1978-இல் இகராஷி பிரித்தெடுத்தார். அதுவே சி6/36. இதை 37 டிகிரியில் வைக்கக் கூடாது, 28 டிகிரி போதும்.

மனிதச் செல்களில் முதலில் நிலைத்தது ஹீலா. 1951-இல் அமெரிக்காவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை இந்தச் செல்கள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் ஹீலா செல்லைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செல் வளர்ப்புக்கு முன்னால் என்ன செய்தார்கள்?

குரங்கு, எலி, முயல் போன்ற விலங்குகளுக்குள் மாதிரியைச் செலுத்திப் பார்த்தார்கள். கருக்கொண்ட கோழி முட்டையிலும் வளர்த்தார்கள். போலியோ வைரஸ் நரம்புத் திசுவில் மட்டுமே வளரும் என்ற நம்பிக்கை இருந்த காலம் அது. 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத மனிதத் திசுவில் அதை வளர்த்துக் காட்டினார்கள். 1954-இல் நோபல் பரிசு பெற்றார்கள். போலியோ தடுப்பூசிக்கு வழி திறந்தது அந்தச் சோதனைக் குழாய்தான்.

வெறிநாய்க்கடி நோயில் இந்த மாற்றம் மெதுவாக வந்தது. மூளைத் திசுவை எலிக்குட்டியின் மூளையில் செலுத்தி 28 நாட்கள் வரை காத்திருக்கும் பழைய முறைக்குப் பதிலாக, எலியின் நரம்புக்கட்டியிலிருந்து வந்த செல்களில் சில நாட்களிலேயே விடை கிடைக்கிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இது நல்ல மாற்றம்.

மாதிரி வந்து சேர்ந்ததும் என்ன நடக்கிறது?

உண்மையில், மாதிரி வந்து சேர்வதற்கு முன்பே பாதி விதி தீர்மானமாகிவிடுகிறது. தொண்டையிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சியை, வழியில் வைரஸைக் காக்கும் திரவமான கடத்து ஊடகத்தில் நனைத்து, 2 முதல் 8 டிகிரி குளிரில் அனுப்ப வேண்டும். உடனே அனுப்ப வழியில்லாவிட்டால் மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டும். சாதாரண ஃபிரீசரின் மைனஸ் 20 டிகிரி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். கொழுப்புறை கொண்ட வைரஸ்களுக்கு அது பெரும் கேடு. பி.சி.ஆருக்கு அந்த மாதிரி போதுமானதாக இருக்கலாம், செல்லுக்கு இருக்காது.

ஆய்வகத்தில் மாதிரியைச் சுழற்றித் தெளிய வைத்து, பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் ஆன்டிபயாட்டிக் சேர்த்து, தேவைப்பட்டால் மிக நுண்ணிய வடிகட்டியில் வடிப்பார்கள். இதற்குள் செல்கள் தட்டின் அடியில் ஒற்றை அடுக்காக, இடைவெளியில்லாமல் படர்ந்திருக்க வேண்டும். செல்லுக்கு உணவாக இருந்த திரவமான பழைய ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, மாதிரியில் சில துளிகளைச் செல்லின் மேல் விடுவார்கள். சுமார் ஒரு மணி நேரம் வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். திரவம் மிகக் குறைவு என்பதால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தட்டை மெல்லச் சாய்த்து எல்லாப் பக்கமும் நனைக்க வேண்டும். இதை மறந்தால் நடுவிலுள்ள செல்கள் காய்ந்து செத்துவிடும். மறுநாள் அதை வைரஸ் செய்த வேலை என்று நினைக்கத் தோன்றும். பிறகு புதிய ஊடகம் ஊற்றி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, நாள்தோறும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மாதிரி விடாத செல் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் பார்ப்பதற்கு மதிப்பே இல்லை.

மைக்ராஸ்கோப்பில் வைரஸ் தெரியுமா?

சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் தெரியாது. வைரஸால் செல்லுக்கு நேரும் சிதைவுதான் தெரியும். செல் சிதைவு விளைவு என்று இதைச் சொல்வார்கள். போலியோவும் சேர்ந்த என்டிரோவைரஸ் வகை புகுந்தால் செல்கள் உருண்டு, சுருங்கி, ஒளியை அதிகம் சிதறடித்து, தட்டிலிருந்து கழன்று மிதக்கும். அடினோவைரஸில் வீங்கிய செல்கள் திராட்சைக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். தட்டம்மையிலும், குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி.யிலும் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாகிவிடும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ஓரிரு நாளில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சைட்டோமெகலோவைரஸுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம்.

அனுபவமுள்ள தொழில்நுட்பர் சிதைவின் வடிவத்தையும், வேகத்தையும், எந்தச் செல்லில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தே வைரஸின் குடும்பத்தை ஊகித்துவிடுவார். இந்தக் கண்ணறிவு புத்தகத்தில் வராது, மூத்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பல தட்டுகளைப் பார்த்தால்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் ஓய்வுபெறும்போது அவர்களிடம் கற்றுக்கொள்ள ஆளில்லாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செல் சிதையாமலே வைரஸ் வளருமா?

வளரும். டெங்கு பெரும்பாலும் சி6/36 செல்லில் அமைதியாகப் பெருகும், மைக்ராஸ்கோப்பில் பெரிய மாற்றம் தெரியாது. அப்போது செல்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, டெங்கு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தோடு இணைத்து விடுவார்கள். வைரஸ் உள்ள செல்லின் சைட்டோபிளாசம் பச்சையாக ஒளிரும். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை இணைக்கும் வித்தையை 1940-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் கொண்டுவந்தார். இன்றும் இதற்கு நிகரான எளிய வழி குறைவு.

ஃபுளூ, பொன்னுக்குவீங்கி, பாராஇன்ஃபுளூயன்சா வைரஸ்களுக்கு இன்னொரு வழி. இவை தாம் புகுந்த செல்லின் மேற்பரப்பில் ரத்தச் சிவப்பணுவைப் பிடிக்கும் புரதத்தை நீட்டுகின்றன. கினிப்பன்றியின் சிவப்பணுக்களை ஊற்றிக் கழுவினால், வைரஸ் இருக்கும் செல்களில் மட்டும் அவை கொத்தாக ஒட்டியிருக்கும்.

எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

அதற்கு பிளேக் சோதனை. செல்கள் செத்த இடத்தில் தெரியும் வட்டத்துக்குத்தான் இங்கே பிளேக் என்று பெயர், பிளேக் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களுக்கு 1917-லேயே தெரெல் செய்து காட்டியதை, 1952-இல் ரெனாட்டோ டல்பெக்கோ விலங்குச் செல்லுக்குக் கொண்டுவந்தார். வைராலஜி எண்ணிக்கை அறிவியலாக மாறியது அன்றிலிருந்துதான் என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்கிறோம். ஒவ்வொரு நீர்ப்பையும் ஆறு குழித் தட்டில் ஒரு குழியில் விட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு திரவ ஊடகத்துக்குப் பதிலாக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் கலந்த கெட்டியான மேல் அடுக்கை ஊற்றுகிறோம். முதல் செல்லிலிருந்து வெளிவரும் வைரஸ் இந்த அடுக்கில் நீந்தித் தூரம் போக முடியாது, பக்கத்துச் செல்லை மட்டுமே பிடிக்கும். அது செத்ததும் அதன் பக்கத்துச் செல்லை. இப்படி ஒரு வட்டம் உருவாகும். அகரோஸை ஊற்றும்போது சூட்டைக் கவனிக்க வேண்டும். 42 டிகிரி அளவில் இருந்தால் சரி. அதற்கு மேல் சூடாக இருந்தால் செல்கள் வெந்துவிடும், ஆறிப்போனால் ஊற்றும்போதே கட்டிகட்டியாகிவிடும். சில நாட்கள் கழித்து, ஃபார்மலினில் நிலைப்படுத்தி, மேல் அடுக்கை எடுத்துவிட்டு, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிரோடிருந்த செல்கள் ஊதா நிறம் பிடித்திருக்கும். செல் செத்த இடங்கள் வெள்ளை வட்டங்களாக, வெறும் கண்ணுக்கே தெரியும்.

கணக்கு இப்படி: ஒரு லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த மாதிரியிலிருந்து 0.2 மில்லி விட்டோம், 40 வட்டங்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 0.2 மில்லியில் 40 என்றால் 1 மில்லியில் 200. அதை ஒரு லட்சத்தால் பெருக்கினால் மூல மாதிரியின் ஒரு மில்லியில் 2 கோடி பிளேக் உருவாக்கும் அலகுகள். கவனியுங்கள், இது துகள்களின் எண்ணிக்கை அல்ல. தொற்றை உண்டாக்கிக் காட்டியவற்றின் எண்ணிக்கை மட்டுமே.

எல்லா வைரஸும் பிளேக் உருவாக்காது. அப்போது 96 குழித் தட்டில் பல நீர்ப்புகளை விட்டு, எந்த நீர்ப்பில் பாதிக் குழிகள் தொற்றுகின்றன என்று பார்ப்பார்கள். இதுதான் டி.சி.ஐ.டி. 50. இதற்கான கணக்கு முறையை ரீடும் மியூன்ச்சும் 1938-இல் தந்தார்கள். கோட்பாட்டின்படி 1 டி.சி.ஐ.டி. 50 என்பது சுமார் 0.69 பிளேக் அலகு.

இவ்வளவு நாள் காத்திருக்காமல் விரைவாக்க வழி இல்லையா?

இருக்கிறது. 1980-களில் பரவிய ஷெல் வயல் முறை அவற்றில் முக்கியமானது. சிறு குப்பியின் அடியில் வட்டக் கண்ணாடித் தகட்டில் செல்லை வளர்த்து, மாதிரியை விட்டு, மெதுவான வேகத்தில் முக்கால் மணி நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். வைரஸ் செல்லில் பற்றுவது பெருமளவு கூடுகிறது. சிதைவு வரும்வரை காத்திராமல் ஓரிரு நாளில், வைரஸ் முதன்முதலில் தயாரிக்கும் புரதத்தை ஒளிரும் ஆன்டிபாடியால் தேடுவார்கள். மூன்று வாரம் வரை இழுத்த சைட்டோமெகலோவைரஸ் சோதனை இப்படித்தான் ஓரிரு நாளில் முடிந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்த நாட்கள் விலைமதிப்பற்றவை.

மற்றொன்று செல்லையும் பி.சி.ஆரையும் இணைப்பது. மாதிரியைச் சில நாள் செல்லில் வைத்துவிட்டு, செல்லில் வைரஸ் ஆர்.என்.ஏ. கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடிநீர், கழிவுநீர் ஆய்வில் இது மிகவும் பயன்படுகிறது. குளோரின் கலந்த நீரில் செயலிழந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தாலும் அது பெருகாது, தொற்றும் வைரஸ் பெருகும். தொடக்க அளவையும் அளந்து வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்தால், ஊற்றிய பழைய ஆர்.என்.ஏ.வையே மீண்டும் கண்டுபிடித்து ஏமாற நேரும்.

செல்லைக் கொல்லாமல், வைரஸ் பெருகுவதை அப்போதே பார்க்க முடியுமா?

முடியும், இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுவே. வைரஸ் உள்ளே வந்தால் தானே அறிவிக்கும்படி செல்லை முன்கூட்டியே மாற்றி வைப்பார்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கான ஒரு செல்லில், அந்த வைரஸின் புரதம் வந்தால் மட்டுமே இயங்கும் மரபணு விசையின் பின்னால் பீட்டா காலக்டோசிடேஸ் நொதியின் மரபணுவை வைத்திருக்கிறார்கள். மறுநாள் சாயம் சேர்த்தால் தொற்றிய செல்கள் நீலமாகும். எச்.ஐ.வி. ஆய்வுகளில் இதே உத்தியில், மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதியைத் தயாரித்து ஒளிரும் செல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான ஒன்றை 2006-இல் வெளியிட்டார்கள். நீலப்பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று, மஞ்சளாக ஒளிரும் புரதம் ஒன்று. இரண்டையும் ஒரு குட்டிப் புரதச் சங்கிலியால் இணைத்துச் செல்லுக்குள்ளேயே தயாரிக்க வைத்தார்கள். அருகருகே இருக்கும்வரை முதலாவது தன் ஆற்றலை இரண்டாவதுக்குக் கைமாற்றும், மஞ்சள் ஒளி தெரியும். என்டிரோவைரஸ் நுழைந்து தன் 2ஏ புரதவெட்டி நொதியைத் தயாரித்ததும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும், கைமாற்றம் நின்று ஒளியின் நிறம் மாறும். பிளேக் வர நாட்கள் ஆகும் வைரஸை இப்படிச் சில மணி நேரத்திலேயே காண முடிந்தது. உயிருள்ள செல்லில் வைரஸ் நொதி வேலை செய்தால்தான் இந்த மாற்றம் நிகழும் என்பதால், செயலிழந்த துகளால் ஏமாற்ற முடியாது.

அதே வளாகத்தவர்கள் 2008-இல் மூலக்கூறு ஒளிவிளக்குகளை இதற்குப் பயன்படுத்தினார்கள். கொண்டை ஊசி வடிவில் மடிந்த சிறு டி.என்.ஏ. துண்டு அது. மடிந்திருக்கும்போது ஒளிச்சாயமும் அதை அணைக்கும் பொருளும் ஒட்டியிருப்பதால் இருள். வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு இணைந்ததும் நிமிர்ந்து ஒளிரும். செல்லின் நொதிகள் அதைத் தின்றுவிடாதபடி வேதிமாற்றம் செய்து, செல்லுக்குள் எளிதில் நுழையும் டாட் பெப்டைடோடு இணைத்து அனுப்பினார்கள். என்டிரோவைரஸ் வகையைச் சேர்ந்த காக்சாக்கி வைரஸ் செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. வாடிக்கையான நோயறிதலுக்கு இவை இன்னும் பரவலாக வரவில்லை. ஒவ்வொரு வைரஸ் குடும்பத்துக்கும் தனித்தனிச் செல்லை உருவாக்கிப் பராமரிப்பது செலவு பிடிக்கும் வேலை.

நடைமுறையில் செல் வளர்ப்பு இன்று எங்கே தவிர்க்க முடியாதது?

போலியோ கண்காணிப்பைத்தான் முதலில் சொல்வேன். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், தளர்வு தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துக் குளிரில் அனுப்பப்படுகின்றன. ஆய்வகத்தில் முதலில் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்குவார்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் கொழுப்புறை வைரஸ்களும் அழியும். கொழுப்புறையில்லாத போலியோ வைரஸ் தாங்கிக்கொள்ளும்.

அடுத்து வருவது இரண்டு செல்களின் கூட்டு வேலை. ஆர்.டி. என்பது மனிதத் தசைக்கட்டியிலிருந்து வந்த செல், என்டிரோவைரஸ்கள் பலவும் அதில் வளரும். எல்20பி என்பது எலிச் செல். எலிச் செல்லுக்குள் போலியோ வைரஸ் நுழையாது. ஆனால், இதில் மனிதனின் போலியோ ஏற்பி மரபணுவைச் செருகியிருக்கிறார்கள். அதனால், எலிச் செல்லில் நுழைய முடியாத மற்ற என்டிரோவைரஸ்களில் பெரும்பாலானவை வெளியே நிற்க, போலியோ மட்டும் உள்ளே போகும். இரண்டு செல்களுக்கும் மாறி மாறி மாற்றி, ஒவ்வொரு முறையும் 5 நாட்கள் பார்ப்பார்கள். எல்20பி-இல் வளர்ந்தது பி.சி.ஆருக்குப் போய், இயற்கையில் பரவும் காட்டு வைரஸா, தடுப்பு மருந்து வைரஸா என்று பிரிக்கப்படும். செல்லும் பி.சி.ஆரும் போட்டியாளர்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனமும் இந்த ஆய்வக வலையமைப்பில் ஒன்று. இந்தியாவின் கடைசிக் காட்டுப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால் 'வளரவில்லை' என்று பதிவான எண்ணற்ற பிளாஸ்குகள் இருக்கின்றன.

இதற்கு வெளியே, தடுப்பூசி உண்டாக்கிய ஆன்டிபாடி வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்கவும், புதிய மருந்தைச் சோதிக்கவும், கிருமிநாசினியின் தரத்தை அளக்கவும் செல் வேண்டும். முன்பின் தெரியாத வைரஸ் வந்தால், எதைத் தேடுவது என்றே தெரியாத நிலையில், செல் கேள்வி கேட்காமல் வளர்த்துத் தரும்.

எந்த வைரஸும் வளராமல் அடம்பிடித்தது உண்டா?

நிறைய. ஹெபடைட்டிஸ் சி 1989-இல் அடையாளம் காணப்பட்டும், செல்லில் தொற்றும் வைரஸாக அதை வளர்க்க 2005 வரை ஆனது. அதுவும் ஒரு ஜப்பானிய நோயாளியிடமிருந்து கிடைத்த ஒரு குறிப்பிட்ட வகையால்தான் முடிந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸ் 1972-இல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. 2016-இல்தான் ஹூஸ்டனில் மேரி எஸ்டஸ் குழுவினர், மனிதக் குடலின் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த குட்டிக் குடல் திசுவில் அதைப் பெருக வைத்தார்கள். சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது.

செல் நம்மை ஏமாற்றுமா?

பலவிதங்களில். மல மாதிரியிலுள்ள நச்சே செல்லைக் கொன்று, வைரஸ் போலத் தோன்ற வைக்கும். முதல் நாளே சிதைவு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்தத் திரவத்தைப் புதுச் செல்லுக்கு மாற்றிப் பாருங்கள்: நச்சாக இருந்தால் நீர்த்துப்போகும், வைரஸாக இருந்தால் மீண்டும் வரும். மைக்கோபிளாஸ்மா என்ற சின்னஞ்சிறு பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாமல் செல்லோடு குடித்தனம் நடத்தி எல்லா முடிவுகளையும் கெடுக்கும். டி.என்.ஏ. சாயம் ஏற்றியோ பி.சி.ஆரிலோ இதைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

செல்லே ஒரு வைரஸைச் சுமந்து வரலாம். 1960-இல் ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் எஸ்.வி.40 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தச் செல்களில் தயாரித்த போலியோ தடுப்பு மருந்து ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வைரஸும் செல்லுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கொரோனா வைரஸை வெரோ செல்லில் திரும்பத் திரும்ப வளர்த்தால், மனித நுரையீரல் செல்லுக்குள் நுழைய உதவும் ஃபியூரின் என்ற நொதி வெட்டும் பகுதியை அது இழந்துவிடுகிறது. நோயாளியிடம் இருந்ததும் பிளாஸ்கில் இருப்பதும் ஒன்றுதானா என்று அடிக்கடி சரிபார்ப்பது இதனால்தான்.

எந்த ஆய்வகமும் இதைச் செய்யலாமா?

கூடாது. ஆர்.என்.ஏ. பிரிக்கும் திரவம் பட்டதுமே பி.சி.ஆர். மாதிரியிலுள்ள வைரஸ் செயலிழந்துவிடும். செல் வளர்ப்பிலோ வைரஸை நாமே கோடிக்கணக்கில் பெருக்குகிறோம். கொரோனா வைரஸை வளர்க்க மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். நிபா, எபோலாவுக்கு நான்காம் நிலை. புனேயில் 2012 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. 2003, 2004-இல் சார்ஸ் பரவல் அடங்கிய பிறகும் சிங்கப்பூர், தைவான், பெய்ஜிங் ஆய்வகங்களில் வேலை செய்தவர்களுக்கு அந்த நோய் தொற்றியது. விதிமுறைகளைக் கடுமையாக வைத்திருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

காய்ச்சல் வந்தவர் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. டெங்குவா, ஃபுளூவா என்று அன்றே தெரிந்துகொள்ள ஆன்டிஜென் சோதனையும் பி.சி.ஆரும்தான் சரி. செல் வளர்ப்பின் முடிவு வருவதற்குள் காய்ச்சலே போயிருக்கும்.

ரிப்போர்ட்டில் 'வைரஸ் வளரவில்லை' என்று இருந்தால், வைரஸ் இல்லை என்று அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மாதிரியில், அந்தச் செல்லில், அத்தனை நாட்களில் வளரவில்லை என்பதே அதன் பொருள். மாதிரி நோயின் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது, குளிர் விட்டுப்போனதா, எந்தச் செல்லில் போட்டார்கள், இரண்டாம் முறை புதுச் செல்லுக்கு மாற்றிப் பார்த்தார்களா, கூடவே வைத்த தெரிந்த வைரஸ் ஒழுங்காக வளர்ந்ததா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். நல்ல ஆய்வகம் இவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும், கேட்டால் சொல்லும்.